களுத்துறை விறாந்தையில் ஓர் ஓவியர்

களுத்துறையில் ஒரு வீட்டு விறாந்தை. ஓவியத் தாங்கியின் முன்னே ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். வயது நாற்பத்தாறு. எதிரே குடத்துடன் உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். அந்தப் பெண் நம்மைப் பார்க்கவில்லை. தன் வேலையில் இருக்கிறார். இப்படம் எடுக்கப்பட்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. வரைந்துகொண்டிருப்பவர் மரியான் நோர்த். படம் பிடித்தவரும் ஒரு பெண்தான். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன்.

நான் மறிச்சுக்கட்டியில் பிறந்தவள். சித்திரம் கற்பிக்கும் ஆசிரியை. இந்தப் புகைப்படத்தை ஆண்டுதோறும் என் வகுப்பில் காட்டுவேன். நம் வீடுகளில் பெண்களின் படம் என்று எவை இருக்கின்றன? அடையாள அட்டைக்கு எடுத்தது இருக்கும். கலியாணத்தன்று எடுத்தது இருக்கும். ஒரு பெண் தான் கற்ற தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போது எடுத்த படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? இக்கேள்வியைக் கேட்டதும் வகுப்பு சற்று அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகுதான் மரியான் நோர்த்தின் கதையைச் சொல்லத் தொடங்குவேன். அதையே இங்கு மாணவியருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

அரிப்பு மாளிகையும் நோர்த் குடும்பமும்

மறிச்சுக்கட்டியிலிருந்து வடக்கே கொண்டச்சி, சிலாவத்துறை ஆகிய ஊர்களைக் கடந்து போனால் அரிப்பு வரும். அங்கே கடலோர மேட்டில் ஓர் இடிந்த கட்டிடம் நிற்கிறது. எங்கள் பகுதியில் அதனை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அல்லி என்ற அரசி அங்கிருந்து ஆண்டாள் என்பது வழிவழிக் கதை. வரலாற்றின்படி அது ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டுவித்த மாளிகை. கிரேக்க முறையிலான அதன் தூண்களைக் கொண்டு டொரிக் மாளிகை எனப் பெயர் பெற்றது. கடல் கரையை அரித்து அரித்து இன்று அதன் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.

இலங்கையின் கரையோர மாகாணங்களை 1798 முதல் 1805 வரை ஆண்ட இந்த ஆளுநரும், நாம் பேசும் ஓவியரும் ஒரே நோர்த் குடும்பத்தின் இரு வேறு கிளைகளில் வந்தவர்கள். மரியானின் தந்தையின் பெயரும் பிரெடெரிக் நோர்த்தான். எங்கள் கடற்கரையில் ஒரு நோர்த் கட்டிய கல் மாளிகையைக் கடல் கொண்டுபோகிறது. இன்னொரு நோர்த் இலங்கையில் காகிதத்தில் தீட்டிய மரங்களோ இன்றும் வர்ணம் மங்காமல் இலண்டனில் இருக்கின்றன.

தந்தைக்காகக் கழிந்த ஆண்டுகள்

மரியான் நோர்த் 1830 ஒக்டோபர் 24இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம். தந்தை பாராளுமன்ற உறுப்பினர். ஆனாலும் மகளுக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. நோரிச் நகரில் சிறிது காலம் ஒரு பாடசாலையில் இருந்தார். அது அவருக்குப் பிடிக்கவேயில்லை. அக்காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்குப் பாடவும், பியானோ வாசிக்கவும், கொஞ்சம் பூ வரையவும் தெரிந்தால் போதும் என்று எண்ணினார்கள். வரும் விருந்தினரை மகிழ்விப்பதற்கு மேல் அக்கலைகளுக்கு வேலை இருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை.

மரியான் முதலில் பாட்டைத்தான் உயிராகப் பயின்றார். குரல் கைவிட்டது. அதன் பிறகு தூரிகையை எடுத்தார். தாயார் 1855இல் இறந்தார். இறக்கும் முன், தந்தையை விட்டுப் பிரியக்கூடாது என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கை மரியான் தந்தை இறக்கும்வரை காத்தார். வீட்டைக் கவனித்தார், தந்தையோடு பயணம் செய்தார். ஐரோப்பா, துருக்கி, சிரியா, எகிப்து எனப் பல நாடுகளை இருவருமாகப் பார்த்தார்கள். போன இடமெல்லாம் அவர் வரைந்தார்.

இலண்டனுக்கு அருகில் கியூ என்ற இடத்தில் உலகப் புகழ்பெற்ற தாவரவியற் பூங்கா உண்டு. அதன் பணிப்பாளர் சேர் வில்லியம் ஹூக்கர் தந்தையின் நண்பர். ஒருநாள் அவர் மரியானின் கையில் அம்ஹேர்ஸ்தியா என்னும் பர்மிய மரத்தின் பூங்கொத்தைக் கொடுத்தார். கண்ணாடி வீட்டுக்குள் செயற்கை வெப்பத்தில் மலர்ந்த அந்தச் செம்பூவைப் பார்த்தபோது, இவை தாமாகவே பூக்கும் நாடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் விழுந்தது. ஆசை விழுந்ததே தவிர, நிறைவேறப் பல ஆண்டுகள் சென்றன.

தந்தை 1869இல் காலமானார். மரியானுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. திருமணம் செய்யவில்லை. இனி யாருக்காக வாழ்வது என்று அவர் திகைத்து நின்ற காலம் அது. அதுவரை பழகிவந்த தைலவர்ணமே அவருக்குத் துணையாயிற்று.

காடே ஓவியக்கூடம்

ஓவியர் என்றதும் உயர்ந்த யன்னல்களும், வடக்கு வெளிச்சமும், சுவரெல்லாம் படங்களுமாக ஓர் அறை நம் மனத்தில் தோன்றும். மரியானுக்கு அப்படி ஓர் அறை தேவைப்படவில்லை. அவர் 1871இல் கப்பலேறி அமெரிக்காவும் கனடாவும் சென்றார். அங்கிருந்து ஜமைக்காவுக்குப் போய், நெடுநாள் கைவிடப்பட்டுக் காடு மூடிக்கிடந்த ஒரு பழைய தாவரப் பூங்காவுக்குள் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். அடுத்து பிரேசில்; அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கினார். காலையில் வெளியே போய் நண்பகல்வரை வரைவது, பிற்பகலில் மழை வந்தால் கூரையின் கீழ் அமர்ந்து படத்தை முடிப்பது, மாலையில் நாளை எதை வரையலாம் என்று நடந்து தேடுவது. இதுதான் அவருடைய ஒழுங்கு. ஒரு நாளும் சோம்பியிருந்ததாகத் தெரியவில்லை.

தாவரங்களைச் சித்திரிப்பவர்கள் அன்று பெரும்பாலும் நீர்வர்ணத்தைப் பயன்படுத்தினார்கள். வெள்ளைக் காகிதத்தில் செடி தனியாக நிற்கும். வேரும் இலையும் விதையும் பிரித்துக் காட்டப்படும். மரியான் அந்த வழியில் போகவில்லை. தைலவர்ணத்தை எடுத்தார். செடி வளரும் மண், அதற்குப் பின்னாலுள்ள மலை, அதில் வந்து உட்காரும் வண்டு, பறவை எல்லாவற்றையும் சேர்த்தே வரைந்தார். ஒரு மரத்தை அதன் ஊரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருந்திருக்க வேண்டும். நிறக்குழாய்களில் அடைத்த தைலவர்ணம் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்ட காலம் அது. பயணப் பெட்டிக்குள் ஓர் ஓவியக்கூடத்தையே எடுத்துச் செல்ல அதனால் முடிந்தது.

அவர் 1875இல் மீண்டும் புறப்பட்டார். கலிபோர்னியாவில் வானளாவிய மரங்களை வரைந்தார். ஜப்பானியக் குளிரில் மூட்டுவலியால் துன்பப்பட்டார். வெப்ப நாடுகளைத் தேடி இறங்கி, சரவாக்கிலும் ஜாவாவிலும் தங்கி வரைந்தார். சரவாக்கில் அவர் தீட்டிய ஒரு குடுவைத் தாவரம் விஞ்ஞானிகள் அதுவரை அறியாத இனம் என்று பின்னர் தெரியவந்தது. அவருடைய படத்தைக் கண்ட ஒரு தாவர வணிக நிறுவனம் ஆளனுப்பி அச்செடியைத் தேடிப் பிடித்தது. இன்று அதன் விஞ்ஞானப் பெயர் நெப்பென்தீஸ் நோர்த்தியானா. பள்ளிக்கூடம் பிடிக்காமற் போன பெண்ணின் பெயர் இப்படித்தான் தாவரவியல் நூல்களுக்குள் சென்றது.

பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள்

1876ஆம் ஆண்டின் இறுதியில் மரியான் இலங்கைக்கு வந்தார். பேராதனைப் பூங்காவை அண்டி வளர்ந்த தாளிப்பனையை வரைந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து, அத்தோடு பட்டுப்போகும் மரம் அது. பிறகு களுத்துறைக்குப் போனார். அங்கே அவரை அழைத்து உபசரித்தவர்தான் ஜூலியா மார்கரெட் கமரன்.

இவரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் மாணவியர் வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைப் படிக்கிறார்கள். 1833இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்களுக்குக் காரணமான அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். அவருக்கு நாற்பத்தெட்டு வயதானபோது மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். தனிமையில் பொழுதுபோக உதவும் என்று கொடுத்த பரிசு அது. அவர் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாகவும் நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள் டார்வின், ஹேர்ஷல், டெனிசன், கார்லைல் ஆகிய பெரியார்கள் அவருடைய கமராவின் முன் அமர்ந்தார்கள். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்தது. வருமானம் சுருங்கிய நிலையில் 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள்.

களுத்துறை வீட்டின் சுவர்களில் அழகிய புகைப்படங்கள் தொங்கின. மேசையிலும் கதிரையிலும் தரையிலும் படங்களும் ஈரம் ஊறிய புத்தகங்களும் சிதறிக் கிடந்தன. முயலும் அணிலும் மைனாவும் தம் இஷ்டப்படி உள்ளே வந்து போயின. வாசலில் ஒரு வளர்ப்புக் கலைமான் நின்றது. இந்த வீட்டைப் பற்றி நமக்குச் சொல்பவர் மரியானேதான். தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஜூலியா போர்த்தியிருந்த பச்சை நிறச் சால்வை அழகாக இருக்கிறது என்று அவர் பாராட்டியபோது, ஜூலியா கத்தரிக்கோலை எடுத்து அதை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்துவிட்டாராம்.

அக்காலத்தில் ஒரு புகைப்படம் எடுப்பது விளையாட்டு அல்ல. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் பொருத்த வேண்டும். படம் பிடித்தவுடன் இருட்டறைக்கு ஓடி அதைக் கழுவ வேண்டும். இருப்பவர் பல வினாடிகள், சில வேளை நிமிடக்கணக்கில், அசையாமல் இருக்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் தகடு சீக்கிரம் காய்ந்துவிடும். கையெல்லாம் இரசாயனக் கறை படியும். அறுபது வயதைக் கடந்த ஜூலியா இவ்வளவையும் செய்தார்.

மரியானை அவர் தம் விருப்பப்படி அலங்கரித்தார். காஷ்மீர்க் கம்பளி ஆடையைச் சுற்றினார்; கூந்தலை அவிழ்த்துவிட்டார்; தலையில் குத்தும் தென்னோலைகளுக்கிடையே நிற்க வைத்தார். உச்சி வெயில். வெப்பம் 96 பாகை பரனைற்று, அதாவது ஏறத்தாழ 36 பாகை செல்சியஸ். இந்நிலையில் இயல்பாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அது சரிவரவில்லை. அடுத்து ஈரப்பலா இலைகளையும் காய்களையும் யன்னற் கதவில் ஆணியடித்துப் பின்னணி அமைத்தார். அதுவும் சரிவரவில்லை. பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் வீணாயின. கவிதைப் பெண்ணாகத் தம்மை மாற்ற ஜூலியா எடுத்த பாடெல்லாம் வீண் என்றும், சாதாரண ஒரு பெண்தான் படத்தில் விழுந்தாள் என்றும் மரியான் தம்மைத் தாமே கேலி செய்து எழுதியிருக்கிறார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மரியானின் முகத்தில் எதையோ வரவழைக்க ஜூலியா பெரும்பாடுபட்டார். அந்த எதுவோ, மரியான் தூரிகையோடு அமர்ந்த நேரத்தில் தானாகவே வந்துவிட்டது. இன்று புத்தகங்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் படம் அந்த விறாந்தைப் படம்தான். அதில் அவர் எவருக்காகவும் இயல்பாக இருக்க முயலவில்லை. செய்யவேண்டிய வேலை முன்னே இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் நிற்கும் சிறுவனையும் நான் மறப்பதில்லை. ஓவியரின் பெயர் படத்தோடு வருகிறது. படம் பிடித்தவரின் பெயர் வருகிறது. சிறுவனின் பெயர் வருவதில்லை. ஜூலியா இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே டார்வின் என்றும் டெனிசன் என்றும் எழுதினார். களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்குக் களுத்துறை விவசாயிகள் சிலர் என்றுதான் தலைப்பு. அவரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஆட்சியின் கண்ணே அப்படித்தான் பார்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் மறிச்சுக்கட்டியிலேயே பெரிய முத்துக்குளிப்பு முகாம் நடந்தது. அன்றைய படங்களில் கூடாரங்களையும் தோணிகளையும் பார்க்கலாம். மூச்சை அடக்கிக் கடலின் அடியில் இறங்கியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அவற்றில் இல்லை. மரியானின் பயணங்களுக்கு அவருடைய உழைப்பு மட்டும் காரணம் அல்ல. தந்தை விட்டுச்சென்ற செல்வமும், ஆளுநர் மாளிகைகளின் கதவைத் திறந்த அறிமுகக் கடிதங்களும், பெட்டி சுமந்த பெயரறியாத கைகளும் பின்னால் இருந்தன. அவரை மதிப்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

கியூ பூங்காவில் ஒரு கட்டிடம்

மரியான் 1877இல் நாடு திரும்பினார். அதே ஆண்டு மறுபடியும் புறப்பட்டு இந்தியா முழுவதும் சுற்றினார். அங்கே மட்டும் இருநூறு அளவில் ஓவியங்கள் வரைந்தார். 1879இல் இலண்டனில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவ்வளவு படங்களும் கியூ பூங்காவில் இருந்தால் எவ்வளவு பொருத்தம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒரு ரயிலைத் தவறவிட்டு நிலையத்தில் காத்திருந்த நேரத்தில் மரியான் கடிதம் எழுதினார். அப்போது கியூவின் பணிப்பாளராக இருந்தவர் வில்லியம் ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கர். என் ஓவியங்களைத் தருகிறேன், அவற்றை வைக்கும் கட்டிடத்தையும் என் செலவிலேயே கட்டித் தருகிறேன் என்பது கடிதத்தின் சாரம். ஹூக்கர் ஏற்றுக்கொண்டார்.

பார்க்க வரும் களைத்த மக்களுக்குத் தேநீரும் கோப்பியும் கிடைக்க வேண்டும் என்பது மரியானின் இன்னொரு விருப்பம். பூங்கா நிர்வாகம் அதற்கு இணங்கவில்லை. மரியான் வாதாடவில்லை. தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் வாசலுக்கு மேலே வரைந்து வைத்துவிட்டார்.

இதற்கிடையில் டார்வினைச் சந்தித்தார். அவுஸ்திரேலியத் தாவரங்கள் வேறெங்கும் இல்லாதவை. அவற்றைப் பார்க்காமல் உலகத் தாவரங்களை வரைந்ததாகச் சொல்ல முடியாது என்ற கருத்து டார்வினுடையது. அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு மரியான் 1880இல் கப்பலேறினார். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பார்த்துத் திரும்பினார். கட்டிடத்தினுள் எந்தப் படம் எங்கே என்பதைத் தாமே நின்று தீர்மானித்தார். நாடு நாடாக வகுத்து, ஒன்றுக்கொன்று இடைவெளியில்லாமல் சுவர் முழுதும் அடுக்கினார். கீழ்ப்பகுதிச் சுவரில் உலகெங்கும் சேகரித்த 246 வகை மரத்துண்டுகளைப் பதித்தார். 1882 ஜூன் 7இல் அந்தக் கூடம் திறக்கப்பட்டது.

அதன் பிறகும் ஓய்ந்தாரில்லை. தென்னாபிரிக்கா, சீஷெல்ஸ் தீவுகள், கடைசியாக சிலி. சீஷெல்ஸில் அவர் வரைந்த ஒரு மரத்தின் பேரினத்துக்கே நோர்த்தியா என்று பெயரிட்டார்கள். இன்று அக்கூடத்தில் 832 ஓவியங்கள் இருக்கின்றன. அவர் வரைந்த காடுகளுள் பல இப்போது இல்லை. அந்த இடங்களில் முன்பு என்ன நின்றது என்பதை அப்படங்களைப் பார்த்து அறியலாம்.

இவ்வளவு செய்த பெண்ணுக்கு அரசு என்ன கொடுத்தது? அக்காலத்தில் இத்தகைய பணிக்கு ஆண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் இருந்தது, பெண்களுக்கு இல்லை. 1884இல் விக்டோரியா மகாராணி தம் கையொப்பமிட்ட புகைப்படம் ஒன்றை மரியானுக்கு அனுப்பிவைத்தார். நாட்டுக்கே தலைவி ஒரு பெண். அவராலும் இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க முடிந்தது தம் புகைப்படம்தான்.

நெடும்பயணங்கள் அவருடைய உடலை உருக்கிவிட்டன. காது கேட்பது குறைந்தது. இல்லாத குரல்கள் கேட்பது போன்ற மனநோவும் சேர்ந்துகொண்டது. அல்டர்லி என்ற கிராமத்தில் ஒரு வீடெடுத்துத் தோட்டம் போட்டார். உலகெங்குமிருந்து நண்பர்கள் செடிகள் அனுப்பினார்கள். 1890 ஓகஸ்ட் 30இல் அங்கேயே காலமானார். வயது ஐம்பத்தொன்பது. அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தங்கை கதரின் 1892இல் வெளியிட்டார். ஜூலியா அதற்கு முன்பே, 1879 ஜனவரி 26இல், டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் காலமாகியிருந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

நம் வீடுகளில்

பெற்றோர்களே, உங்களிடம் சில வார்த்தைகள். உயர்தரத்தில் சித்திரத்தைத் தெரிவு செய்ய விரும்பும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் வாப்பாமார் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, இதைப் படித்து என்ன தொழில் செய்வது என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஆசிரியத் தொழில் உண்டு, துணி வடிவமைப்பு உண்டு, அச்சுத் துறை உண்டு என்று நான் பதில் சொல்வேன். சிலருக்கு வேறொரு தயக்கம் இருக்கும். உருவம் வரைவது பற்றிய தயக்கம். அவர்களுக்கு மரியானின் படங்களைக் காட்டுவேன். மரம், இலை, பூ, கனி. நம் பள்ளிவாசல்களிலும் பழைய நூல்களின் ஓரங்களிலும் நம் முன்னோர் விரும்பி வரைந்தவை கொடியும் பூவும்தானே.

உம்மாமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மரியான் கப்பலேறியபோது நாற்பது வயதாகியிருந்தது. ஜூலியா கமராவைத் தொட்டபோது நாற்பத்தெட்டு. பிள்ளைகளை வளர்த்து முடித்தபின், பெற்றோரைப் பராமரித்து முடித்தபின், இருவரும் தொடங்கினார்கள். மகளின் பெட்டியில் மீதமிருக்கும் வர்ணத்தை எடுத்துப் பார்ப்பதற்கு எந்த வயதும் தடையல்ல.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தபோது எங்கள் குடும்பமும் மறிச்சுக்கட்டியை விட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தது. கையில் எடுத்தவை கொஞ்சம் உடுப்பும் சில பாத்திரங்களும். படங்கள் வைத்திருந்த தகரப் பெட்டி வீட்டோடு போயிற்று. என் உம்மும்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர் பனையோலைப் பாய் இழைப்பதில் பேர்போனவர். கிடுகுக் குடிலின் வாசலில் இருந்துகொண்டு, சாயமிட்ட ஓலைகளை விரல்களுக்கிடையே வைத்து, பார்க்காமலேயே கோலம் எடுப்பார். முகாமில் அவர் இழைத்த பாய் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஓரம் பிய்ந்துவிட்டது, சிவப்பும் பச்சையும் மங்கிவிட்டன. பிள்ளைகள் அவரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பாயை விரித்துக் காட்டுகிறோம். இந்த நாற்சதுரம் அவர் தானாகக் கண்டுபிடித்தது என்று உம்மா தொட்டுக் காட்டுவார்.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு இல்லை. உங்கள் உம்மா தையல் இயந்திரத்தில் இருக்கும்போது, மூத்தம்மா ஓலை வாரும்போது, லாத்தா பாடக்குறிப்பு எழுதும்போது, அவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பினால், ஒரு படம் எடுத்து வையுங்கள். முகம் தெரிய வேண்டாம் என்றால் கைகள் போதும். அதை ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டியதில்லை. வீட்டில் இருக்கட்டும். பின்னால் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

சித்திரம் பயிலும் மாணவியருக்கு இன்னொரு வேலை தருகிறேன். முசலிப் பகுதியில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, உடை, ஆவாரை எல்லாம் நிற்கின்றன. மீள்குடியேறிய நம் பிள்ளைகள் பலருக்கு இவற்றின் பெயர் தெரியாது. காரணம் அவர்கள் வேறு மண்ணில் பிறந்தவர்கள். பெயர் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தெரிவு செய்யுங்கள். மரியான் செய்தது போல அதன் மண்ணோடும் அதில் வந்தமரும் பறவையோடும் வரையுங்கள். படத்தின் கீழே மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: மரத்தின் பெயர், வரைந்த உங்கள் பெயர், அந்த மரத்தின் பெயரை உங்களுக்குச் சொல்லித் தந்தவரின் பெயர். இன்ஷா அல்லாஹ், அவற்றை அடுத்த ஆண்டு இதழில் வெளியிடும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். பாலை மரத்துக்கு ஏற்கனவே ஒரு மாணவி பெயர் கொடுத்துவிட்டார். மற்றவை காத்திருக்கின்றன.